303 பெயர்கள், ஒரு தந்தி: லிங்கன் 1862-இல் எடுத்த முடிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

எந்த நிகழ்வு, ஏன் இது

1862 நவம்பர் இரண்டாம் வாரத்தில் வாஷிங்டனுக்கு ஒரு தந்தி வந்தது. மினசோட்டா மாநிலத்தில் இராணுவ ஆணையம் ஒன்று மரண தண்டனை விதித்திருந்த டகோட்டா பழங்குடி ஆண்களின் பெயர்ப் பட்டியல் அது. அனுப்பியவர் அந்த வட்டாரப் படைத்தளபதி. ஜனாதிபதியிடமிருந்து அவர் எதிர்பார்த்தது ஒரு வரி ஒப்புதல்.

ஏழு வாரம் கழித்து, டிசம்பர் 26 அன்று, 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் தூக்கிலிடப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதே ஏழு வாரத்தில் 265 பேர் தூக்குக் கயிற்றிலிருந்து தப்பவும் செய்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே மனிதரின் கையெழுத்துதான்.

ஆபிரகாம் லிங்கனைப் பற்றிப் பேசும்போது கெட்டிஸ்பர்க் உரையிலும் அடிமை விடுதலைப் பிரகடனத்திலும்தான் தொடங்குவோம். அது சரிதான். ஆனால் அவருடைய அறிவு எப்படி வேலை செய்தது, குணம் எங்கே நிலைத்து நின்றது, எங்கே நின்றுபோனது என்பதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் நான் இந்தக் கோப்பைத்தான் எடுப்பேன். லிங்கனைத் தவிர மற்றவர்களைப் பதவியை வைத்தே குறிப்பிடுகிறேன். இங்கே பார்க்க வேண்டியது முடிவுகளை.

பின்னணி: பசியும் பாக்கியும்

1851-இல் டகோட்டாக்கள் இரண்டு ஒப்பந்தங்களில் சுமார் 2.4 கோடி ஏக்கர் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்குக் கிடைத்தது மினசோட்டா ஆற்றங்கரையோரம் ஒரு நீளத் துண்டு நிலமும், ஆண்டுதோறும் பணமும் பொருளும் தருவதாக ஒரு வாக்கும். 1858-இல் அந்தத் துண்டிலும் ஆற்றின் வடகரை கைவிட்டுப் போனது. வேட்டைக்காடு போய்விட்டது, உழவு எல்லோருக்கும் கைவரவில்லை. ஆக, வருடாந்திரத் தொகைதான் பிழைப்பு என்று ஆனது.

அந்தத் தொகையும் முழுதாகக் கைக்கு வராது. பணம் பட்டுவாடா ஆகும் நாளில் வியாபாரிகள் கடன் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு இவ்வளவு வர வேண்டும் என்று சொல்லி முதலில் எடுத்துக்கொள்வார்கள். அது சரியா தவறா என்று பார்க்க டகோட்டாக்களிடம் வேறு கணக்கு கிடையாது.

1861-இல் விளைச்சல் பொய்த்தது. 1862 கோடையில் வர வேண்டிய பணம், தங்கமாகத் தருவதா புதிதாக அச்சிட்ட காகிதப் பணமாகத் தருவதா என்ற இழுபறியில் நின்றது. பழங்குடிகளுக்கான அரசு அலுவலகமான முகமையின் கிடங்கில் உணவு இருந்தது. ஆனால் பணம் வந்த பிறகுதான் பண்டமும் என்று அதிகாரி பிடிவாதமாக இருந்தார். பசித்தால் புல்லைத் தின்னட்டும் என்று ஒரு வியாபாரி சொன்னதாகப் பதிவு இருக்கிறது. சண்டையின் முதல் நாளில் இறந்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய உடல் கிடைத்தபோது வாயில் புல் திணிக்கப்பட்டிருந்தது.

ஆகஸ்ட் 17 அன்று ஆக்டன் என்ற இடத்தில் நான்கு டகோட்டா இளைஞர்கள் ஐந்து குடியேறிகளைக் கொன்றார்கள். அன்றிரவு தலைவர்கள் கூடினார்கள். மூத்த தலைவர் தயங்கினார், கடைசியில் போர் என்று முடிவானது. மறுநாள் காலை கீழ்முகமை தாக்கப்பட்டது. அதே நாள் நண்பகலில், நிலுவையிலிருந்த 71,000 டாலர் தங்கக் காசுகள் ரிட்ஜ்லி கோட்டைக்கு வந்து சேர்ந்தன.

அடுத்த வாரங்களில் நூற்றுக்கணக்கான குடியேறிகள் கொல்லப்பட்டார்கள். பலர் ஆயுதமே இல்லாதவர்கள். பண்ணை வீடுகளில் இருந்த பெண்கள், குழந்தைகள் அதில் அதிகம். இதைக் குறைத்துச் சொன்னால் பின்னால் வரும் எந்த முடிவும் புரியாது. ஊர் ஊராகக் காலி செய்துகொண்டு மக்கள் கிழக்கே ஓடினார்கள். மினசோட்டாவில் அந்த இலையுதிர் காலத்தில் எழுந்த ஆத்திரத்துக்கு உண்மையான காரணம் இருந்தது.

செப்டம்பர் 23-இல் வுட் லேக் சண்டையில் டகோட்டாக்கள் தோற்றார்கள். மூன்று நாள் கழித்து 269 பிணைக்கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களைப் பத்திரமாக வைத்திருந்து ஒப்படைத்தவர்களும் டகோட்டாக்களே, போரே வேண்டாம் என்று சொன்ன தரப்பு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னின்று கொன்றவர்களில் பலர் அதற்குள் மேற்கே தப்பிவிட்டார்கள். கையில் அகப்பட்டவர்களில் கணிசமானோர் ஓடாமல் இருந்தவர்கள். குற்றம் செய்யாதவர்களுக்குத் தீங்கு வராது என்று களத்தில் படையை நடத்திய படைத்தலைவர் சொல்லியனுப்பியதை நம்பியவர்கள்.

கவனிக்கப்பட்டவை: விசாரணை நடந்த விதம்

செப்டம்பர் 28 அன்று ஐந்து அதிகாரிகள் கொண்ட இராணுவ ஆணையம் உட்கார்ந்தது. நவம்பர் முதல் வாரத்துக்குள் 392 பேரை விசாரித்து முடித்துவிட்டார்கள். 303 பேருக்கு மரணம், 16 பேருக்குச் சிறை. தொடக்கத்தில் வழக்குக்கு வழக்கு கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்கள். போகப் போக வேகம் கூடி, ஒரே நாளில் 42 பேர் வரை விசாரிக்கப்பட்டார்கள். சில வழக்குகள் ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை.

கைதிகளுக்கு வக்கீல் இல்லை. நடந்தது ஆங்கிலத்தில், இடையே மொழிபெயர்ப்பாளர். தீர்ப்பு சொன்ன அதிகாரிகள் சில வாரம் முன்புதான் அதே மக்களோடு சண்டை போட்டவர்கள். ஆணையத்தை அமைத்த படைத்தலைவரே கைதிகளைப் பிடித்தவர். குற்றச்சாட்டுகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: கொலைகளிலும் கொள்ளைகளிலும் அட்டூழியங்களிலும் பங்கெடுத்தார் என்று.

மிக முக்கியமான குறை வேறு. சண்டையில் இருந்தேன், இரண்டு முறை சுட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதுவே மரண தண்டனைக்குப் போதுமாக இருந்தது. கோட்டையைத் தாக்கியவரும் வீட்டுக்குள் புகுந்து குழந்தையைக் கொன்றவரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டார்கள். அதே ஆண்டில், நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரில், தெற்கு மாநிலப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் சிறைபிடிக்கப்பட்டார்கள். துப்பாக்கி பிடித்துச் சண்டையிட்டதற்காக அவர்களில் யாரையும் தூக்கில் போடவில்லை. டகோட்டாக்கள் தனி ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு தேசம் என்று அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர்களுடைய போர் போராகக் கணக்கில் வரவில்லை.

வாஷிங்டனில் அப்போது

லிங்கனுக்கு அந்த இலையுதிர் காலம் மோசமானது. செப்டம்பரில் ஆன்டீட்டம் சண்டை, ஐந்து நாளில் முதற்கட்ட விடுதலைப் பிரகடனம். நவம்பர் தேர்தலில் அவருடைய கட்சி பிரதிநிதிகள் சபையில் இடங்களை இழந்தது. அதே மாதம் முக்கியப் படையொன்றின் தளபதியைப் பதவியிலிருந்து நீக்கினார். டிசம்பர் 13-இல் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் பெருந்தோல்வி, அதைத் தொடர்ந்து அமைச்சரவையிலேயே நெருக்கடி. மகன் ஒருவனை அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் பறிகொடுத்திருந்தார்.

பழங்குடிகள் விஷயத்தில் அவருக்குச் சொந்தக் கதை ஒன்றும் உண்டு. அவருடைய தாத்தா 1786-இல் கென்டக்கியில் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பழங்குடியினரால் கொல்லப்பட்டவர். தன் மனதில் வேறு எதையும் விட ஆழமாகப் பதிந்த கதை அதுதான் என்று ஓர் உறவினருக்கு அவரே எழுதியிருக்கிறார். இரக்கம் காட்ட வேண்டிய அரசியல் தேவையும் இல்லை, குடும்ப நினைவும் அந்தப் பக்கம் இழுக்கவில்லை. அடுத்து நடந்ததை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது.

முதல் முடிவு: பதிவை முழுதாக அனுப்புங்கள்

தந்தியைப் பார்த்த லிங்கன் நவம்பர் 10 அன்று பதில் அனுப்பினார். சுருக்கமான பதில். பெயர்கள் வந்தன, இந்தத் தண்டனைகளின் முழுமையான விசாரணைப் பதிவுகளைக் கூடிய விரைவில் அனுப்புங்கள். அதிகக் குற்றமும் செல்வாக்கும் உடையவர்கள் யார் என்பது பதிவிலிருந்து தெளிவாகவில்லை என்றால் அதற்கும் கவனமாக ஒரு குறிப்பு தயாரித்து அனுப்புங்கள். எல்லாவற்றையும் தபாலில் அனுப்புங்கள்.

அவசரத்தில் இருந்தவர்களுக்கு "தபாலில்" என்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே நாளில் மினசோட்டா ஆளுநர் தந்தியடித்திருந்தார்: தண்டிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் உடனே தூக்கிலிட உத்தரவு வர வேண்டும், இல்லாவிட்டால் மக்கள் தாங்களே பழிவாங்கப் புறப்படுவார்கள். பட்டியலை அனுப்பிய தளபதியும் அதையே சொன்னார். அது வெறும் மிரட்டலும் இல்லை. நவம்பரில் கைதிகளை நியூ உல்ம் வழியாகக் கொண்டுபோனபோது ஊர்க்காரர்கள் கற்களாலும் கட்டைகளாலும் தாக்கினார்கள். டிசம்பர் 4 இரவு மான்கேட்டோ அருகே கைதிகள் இருந்த முகாமை நோக்கி ஒரு கூட்டம் கிளம்பியது, படைவீரர்கள் மறித்துத் திருப்பினார்கள். அந்த முகாமுக்கு வைத்திருந்த பெயர் லிங்கன் முகாம்.

மறுபக்கம் பேச ஆள் மிகக் குறைவு. மினசோட்டாவின் எபிஸ்கோபல் திருச்சபை ஆயர் ஒருவர் இலையுதிர் காலத்தில் வாஷிங்டனுக்கே வந்து, இத்தனைக்கும் அடியில் இருப்பது முகமை முறையின் ஊழல் என்று லிங்கனிடம் நேரில் விளக்கினார். ஊரில் அவருக்கு அதனால் நல்ல பெயர் கிடைக்கவில்லை.

ஏன் லிங்கன் பதிவைக் கேட்டார்? ஒரு காரணம் சட்டம். 1862 ஜூலை 17-ஆம் தேதிச் சட்டப்படி இராணுவ ஆணையம் விதித்த மரண தண்டனையை ஜனாதிபதி ஒப்புதல் இல்லாமல் நிறைவேற்ற முடியாது. ஆனால் ஒப்புதல் தர வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது, ஒவ்வொரு வழக்கின் பதிவையும் படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இன்னொரு காரணம் பழக்கம். இருபத்தைந்து ஆண்டுக்குக் கிட்டத்தட்ட இல்லினாய் நீதிமன்றங்களில் வக்கீலாக அலைந்தவர். போர்க்காலத்தில் ஓடிப்போன வீரர்களின் இராணுவ வழக்குகளையும் உட்கார்ந்து படித்துப் பலருக்குத் தண்டனையைக் குறைத்தவர். தீர்ப்பைப் பார்ப்பதற்கு முன் சாட்சியத்தைப் பார்ப்பது அவருக்கு வழக்கம்.

அந்தப் பதிலில் ஒரு கோணலும் இருக்கிறது. "செல்வாக்கு உடையவர்" என்ற சொல். செல்வாக்கு குற்றமாகாது. அந்த நிமிடத்தில் லிங்கன், எடுத்துக்காட்டுக்குச் சிலரைத் தண்டித்தால் போதும் என்ற நோக்கில்தான் யோசித்தார் என்று எனக்குப் படுகிறது. நல்ல வேளையாக, பதிவுகள் வந்த பிறகு அந்த அளவுகோலை அவர் கையில் எடுக்கவில்லை.

இரண்டாவது முடிவு: பொறுப்பை யாரிடமும் தள்ளாமல் இருந்தது

டிசம்பர் 1 அன்று படைத்துறைத் தலைமைச் சட்ட அதிகாரியிடம் லிங்கன் ஒரு கேள்வி கேட்டார். இவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் தூக்கிலிட முடிவு செய்தால், யார் யார் என்று நானே குறிக்க வேண்டுமா, களத்தில் உள்ள ஓர் அதிகாரியிடம் அந்தத் தேர்வை விடலாமா?

இதைப் படித்தபோது எனக்கு லிங்கன் மேல் மதிப்பு குறையவில்லை. நூற்றுக்கணக்கான பேரில் இவர் சாக வேண்டும், இவர் வாழ வேண்டும் என்று பெயர் பெயராக எழுதும் வேலையை யாருமே தட்டிக்கழிக்கத்தான் பார்ப்பார்கள். அதிகாரி சொன்ன பதில் தெளிவானது: இந்த அதிகாரத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது. லிங்கன் அதை ஏற்றுக்கொண்டார். சட்டத்தில் பொந்து தேடவில்லை, காலத்தையும் கடத்தவில்லை. ஐந்தே நாளில் பட்டியல் அவருடைய கையெழுத்தில் தயாராகிவிட்டது.

மூன்றாவது முடிவு: அளவுகோல்

இந்த நிகழ்வின் மையம் இதுதான். பதிவுகளைப் படித்துப் பிரிக்க இரண்டு வக்கீல்களை லிங்கன் அமர்த்தினார். முதலில் கொடுத்த அளவுகோல்: பெண்களைப் பலாத்காரம் செய்ததாக நிரூபிக்கப்பட்டவர்களை எடுங்கள். பத்திரிகைகள் அத்தகைய செய்திகளால் நிரம்பியிருந்த நேரம், எண்ணிக்கை பெரிதாக இருக்கும் என்று அவரும் நினைத்திருந்தார். பதிவுகளில் தேறியது இரண்டே பேர்.

டிசம்பர் 11-இல் செனட்டுக்கு அனுப்பிய அறிக்கையில் லிங்கன் இதை மறைக்காமல் எழுதினார்: என் எதிர்பார்ப்புக்கு மாறாக இரண்டு பேர்தான் அகப்பட்டார்கள் என்று. ஒரு மாநிலமே கொதித்துக்கொண்டிருக்கும்போது, பரவலாக நம்பப்பட்ட ஒரு விஷயம் சாட்சியத்தில் இல்லை என்று ஜனாதிபதி எழுத்தில் வைக்கிறார். அவருடைய அறிவு என்று நான் சொல்வது இதை. அழகாகப் பேசுவதிலும் நறுக்கென்று கதை சொல்வதிலும் அவர் பெரிய ஆள்தான். ஆனால் தான் நினைத்ததற்கு எதிராக ஆதாரம் வந்தபோது நினைப்பை மாற்றிக்கொண்டது அதையெல்லாம் விட அரிய குணம்.

பிறகு இரண்டாவது அளவுகோல் வந்தது. சண்டைகளில் பங்கெடுத்தவர்களை ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஆயுதமற்றவர்களைக் கொன்ற படுகொலைகளில் பங்கெடுத்ததாக நிரூபிக்கப்பட்டவர்களை இன்னொரு பக்கம் எடுங்கள். அந்த இருவரையும் சேர்த்து இந்தப் பட்டியல் நாற்பது. அதில் ஒருவருக்குப் பத்தாண்டுச் சிறையாகக் குறைக்கலாம் என்று ஆணையமே வலுவாகப் பரிந்துரைத்திருந்தது. அவர் மற்ற கைதிகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். மீதி 39.

போரையும் படுகொலையையும் பிரித்துப் பார்த்த அந்தக் கோடு சட்டப்படியும் அறத்தின்படியும் சரியானது. ஆணையம் பார்க்கத் தவறிய கோடு அது. அந்தக் கோட்டைப் போட்டதால்தான் 265 உயிர்கள் மிஞ்சின.

ஆனாலும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. முதல் அளவுகோலில் இரண்டு பேர் மட்டும் வந்தபோது அங்கேயே ஏன் நிற்கவில்லை? இரண்டு பேரோடு நிறுத்தினால் மினசோட்டா ஏற்காது என்பது அவருக்குத் தெரியும். மிதமிஞ்சிய கருணை இன்னொரு எழுச்சிக்கு வழிவிடும், மிதமிஞ்சிய கடுமை கொடுமையாகிவிடும், இரண்டுக்கும் நடுவே போகப் பார்த்தேன் என்று அதே அறிக்கையில் அவர் சொல்கிறார். அதாவது எண்ணிக்கையும் அவர் மனக்கணக்கில் இருந்தது. இரண்டாவது அளவுகோல் நியாயமானதுதான். ஆனால் முதலாவதில் போதிய ஆட்கள் கிடைக்காததால்தான் அது வந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

டிசம்பர் 6 கடிதம்

படைத்தலைவருக்கு லிங்கன் தன் கைப்படவே எழுதினார். 39 டகோட்டா பெயர்கள். வாஷிங்டனில் இருந்த யாருக்கும் வாயில் நுழையாத பெயர்கள், ஒவ்வோர் அசைக்கும் நடுவே சிறுகோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விசாரணைப் பதிவின் வழக்கு எண். ஒரே பெயரில் பலர் இருந்து பெயர் குழம்பினாலும் எண் காப்பாற்றக்கூடிய ஏற்பாடு அது. கடைசியில் ஒரு வரி: தண்டிக்கப்பட்ட மற்றவர்களை அடுத்த உத்தரவு வரும்வரை காவலில் வையுங்கள், அவர்கள் தப்பவும் கூடாது, அவர்கள்மேல் சட்டவிரோதமாக எந்த வன்முறையும் நடக்கவும் கூடாது.

முதலில் டிசம்பர் 19 என்று குறித்த நாள், ஏற்பாடுகள் முடியாததால் 26-க்குத் தள்ளிப்போனது. இடையில் இன்னொருவரின் வழக்கில் சந்தேகம் எழுந்து அவருடைய தண்டனையும் நிறுத்தப்பட்டது. 38.

மான்கேட்டோ, டிசம்பர் 26

ஊரில் மதுவிற்பனை தடைசெய்யப்பட்டிருந்தது. சதுரமான ஒரு மேடை, நான்கு பக்கமும் கைதிகள், சுற்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள், அதற்குப் பின்னால் சுமார் 4,000 பேர் கொண்ட கூட்டம். கைதிகள் பாடிக்கொண்டே மேடை ஏறினார்கள். ஒரே கயிற்றை வெட்டினால் மேடை முழுதும் இறங்கும்படி கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றை வெட்டியவர் ஆகஸ்ட் தாக்குதலில் தன் குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு குடியேறி.

சில நாளில் ஒரு தவறு வெளியே வந்தது. தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவர் லிங்கனின் பட்டியலில் இல்லாதவர். போரின்போது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையும் அவருடைய இரண்டு குழந்தைகளையும் வாரக்கணக்கில் பாதுகாத்தவர். அந்தப் பெண் ஆணையத்தின் முன் வந்து அவருக்காகச் சாட்சியும் சொன்னார். ஆணையம் கேட்கவில்லை, மரண தண்டனை விதித்தது. பதிவைப் பார்த்த வாஷிங்டன் அவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் டகோட்டாக்களிடையே தலைப்பிள்ளை ஆணாக இருந்தால் பொதுவாக வைக்கும் பெயர் அவருடையது. அதே பெயரோடு வேறொருவர் பட்டியலில் இருந்தார். சிறையில் பெயர் கூப்பிட்டபோது இவர் எழுந்து போனார். எண்ணையும் ஆளையும் யாரும் ஒத்துப்பார்க்கவில்லை. லிங்கன் கடிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய எண்கள் சிறைக்கதவு வரை போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு

உயிர் தப்பியவர்கள் 1863 ஏப்ரலில் அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில் இருந்த முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். அடுத்த மூன்று ஆண்டில் அங்கே நூறு பேருக்கு மேல் நோயில் இறந்தார்கள். சிலரை 1864-இல் லிங்கன் விடுவித்தார். எஞ்சியவர்களை 1866-இல் அடுத்த ஜனாதிபதி விடுவித்தார். அந்த எஞ்சியவர்களின் தண்டனை ரத்து என்று லிங்கன் அறிவிக்கவே இல்லை, அடுத்த உத்தரவு வரும்வரை என்பதுதான் கடைசிவரை நிலை.

அரசியலில் விலை கொடுத்தாரா என்றால், ஓரளவு கொடுத்தார். 1864 தேர்தலில் மினசோட்டாவில் வென்றார், ஆனால் 1860-ஐ விடக் குறைந்த ஆதரவோடு. அப்போது செனட்டராகிவிட்டிருந்த பழைய ஆளுநர், இன்னும் நிறையப் பேரைத் தூக்கிலிட்டிருந்தால் பெரும்பான்மை கூடியிருக்கும் என்றார். ஓட்டுக்காக மனிதர்களைத் தூக்கிலிட என்னால் முடியாது என்று லிங்கன் பதில் சொன்னதாக அந்த செனட்டரே பதிவு செய்திருக்கிறார்.

அதே லிங்கன்தான் 1863 பிப்ரவரியில் டகோட்டா ஒப்பந்தங்கள் அனைத்தையும் ரத்து செய்த சட்டத்தில் கையெழுத்திட்டார். மார்ச்சில் அவர்களை மினசோட்டாவிலிருந்தே வெளியேற்றும் சட்டம் வந்தது. போரில் பெரும்பாலும் சேராத ஹோ-சங்க் என்ற இன்னொரு பழங்குடி மக்களையும் அதே கையோடு வெளியேற்றினார்கள். ஆயரிடம், இந்தப் போர் முடிந்து நான் உயிரோடிருந்தால் இந்தப் பழங்குடி நிர்வாக முறை சீர்திருத்தப்படும் என்று அவர் சொன்னதாகத் தெரிகிறது. 1865 ஏப்ரலில் அவர் கொல்லப்பட்டார். சீர்திருத்தம் வரவில்லை.

மான்கேட்டோவில் இப்போது 38 பெயர்களும் பொறித்த நினைவிடம் இருக்கிறது. 2005 முதல் பல ஆண்டுகள் டகோட்டா குதிரை வீரர்கள் கடுங்குளிரில் தெற்கு டகோட்டாவிலிருந்து சுமார் 330 மைல் பயணித்து டிசம்பர் 26 அன்று அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு லிங்கன் 265 பேரைக் காப்பாற்றிய ஜனாதிபதியா, 38 பேரைத் தூக்கிலிட்ட ஜனாதிபதியா என்று வெளியிலிருந்து நாம் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கிறது.

என்ன மாறியிருக்க வேண்டும்

முதலாவது, அடையாளம் பார்த்தல். மேலே உட்கார்ந்து எவ்வளவு கவனமாகப் பெயரெழுதினாலும், கீழே அதை நிறைவேற்றுபவர் எண்ணையும் முகத்தையும் ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு வரி உத்தரவில் இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஒரு நிரபராதி மேடை ஏறியிருக்க மாட்டார்.

இரண்டாவது, மறுபரிசீலனையின் எல்லை. லிங்கன் பதிவுகளைப் படித்தாரே தவிர, அந்தப் பதிவுகள் எப்படி உருவாயின என்று கேட்கவில்லை. சில நிமிடத்தில் முடிந்த விசாரணையில், வக்கீல் இல்லாமல், தண்டனைக் குறைப்பை எதிர்நோக்கிய சக கைதியின் சாட்சியத்தை வைத்து "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால், அந்தச் சொல்லை எவ்வளவு நம்பலாம்? 39 பேருக்கும் ஒழுங்கான மறுவிசாரணை நடத்தியிருக்க வேண்டும். போர்க்காலத்தில் அது முடியாது என்பார்கள். தெற்கோடு அவ்வளவு பெரிய போருக்கு நடுவில் நேரம் ஒதுக்கி இத்தனை பதிவுக் கட்டுகளையும் படிக்க முடிந்தது. 39 வழக்குகளை மறுபடி விசாரிக்கவும் முடிந்திருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. 303 ஆண்களின் தலைவிதியை வாஷிங்டன் ஆராய்ந்துகொண்டிருந்த அதே குளிர்காலத்தில், எந்தக் குற்றமும் சாட்டப்படாத 1,600-க்கும் மேற்பட்ட டகோட்டாக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே ஆற்றோரம் வேலியடைத்த முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே போகும் வழியிலேயே ஊர்க்காரர்கள் அவர்களைத் தாக்கினார்கள். முகாமில் தட்டம்மையும் பிற நோய்களும் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1863 மே மாதம் மிஞ்சியவர்களைப் படகில் ஏற்றி க்ரோ க்ரீக் என்ற வறண்ட நிலத்துக்கு அனுப்பினார்கள், அங்கேயும் சாவு தொடர்ந்தது. மான்கேட்டோவில் இறந்ததை விடப் பல மடங்கு பேர் இப்படிப் போனார்கள்.

இவர்களுடைய பெயர்கள் தந்தியில் வரவில்லை. இவர்களுக்கு விசாரணைக் கட்டு இல்லை, வழக்கு எண் இல்லை. அதனால் அவர்களைப் பற்றிப் படித்துப் பார்க்கவும் ஒன்றும் இல்லாமல் போனது. நவம்பர் 10 அன்று மரண தண்டனைப் பட்டியலைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியை, வேலிக்குள் அடைத்த குடும்பங்களைப் பற்றியும் லிங்கன் கேட்டிருக்க வேண்டும்: இவர்கள் மேல் என்ன குற்றம், ஆதாரம் எங்கே, முழுதாக அனுப்புங்கள்.